புனல் குடிக்காத தண்ணீர்

எங்கள் வீட்டில் எது உறுமினாலும் மூன்று பேரும் ஓடுவோம். குக்கர் விசில் அடிக்காமல் இழுத்துக்கொண்டு நின்றால் ஓடுவோம். தெருவில் போகிற லோடு ஆட்டோவின் சைலன்சர் பட்டென்று வெடித்தால் ஓடுவோம். நான் முன்வாசல் வழியாக, என் வீட்டுக்காரர் பின்வாசல் வழியாக, அவரைப் பெற்ற என் அத்தை எந்த வாசல் கிட்டத்தில் இருக்கிறதோ அதன் வழியாக. தெருவில் நின்று தலையை எண்ணி, மூன்றும் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அது என்ன சத்தம் என்று யோசிப்போம். எதிர்வீட்டில் ஜவுளிக்கடைக்காரர் குடும்பம். அவர்களுக்கு இதெல்லாம் ஓசியில் கிடைத்த சினிமா.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு கம்பெனிக்கு வேலைக்குப் போன முதல் நாளே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அது. வெடிக்குள் போடும் பொடியை நாங்கள் மருந்து என்போம். மருந்து சூடாகிறது என்று தெரிந்தால் என்ன ஏது என்று குனிந்து பார்க்காதே, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு. வேலை செய்யும் அறைக்கு நாலு பக்கமும் வாசல் வைத்திருப்பதே அதற்காகத்தான். குனிந்து பார்த்தவர்கள் யாரும் பார்த்ததைத் திரும்பி வந்து சொன்னதில்லை. வீட்டுக்காரரும் அதே வேலை, வேறு கம்பெனி. அத்தை தீப்பெட்டி ஆபீசில் ஆரம்பித்துப் பட்டாசில் முடித்தவர். ஆக, ஓடுவது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது.

நானும் ஓடியவள்தான். ஓடியதால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தீபாவளி ஆர்டர் நெருக்கிய ஒரு சீசனில், திரி செருகிக்கொண்டிருந்தபோது புஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது. அறையிலிருந்த நாங்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். என் வலது கை மட்டும் கொஞ்சம் பிந்திவிட்டது.

மதுரை ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து தோலை எடுத்துக் கையில் ஒட்டினார்கள். ஒட்டிய தோல் பிடித்துக்கொண்டது. பிடித்ததோடு நில்லாமல் இழுக்கவும் ஆரம்பித்தது. விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளங்கைப் பக்கம் மடங்கின. கைக்குப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருவர் அங்கே இருந்தார். கண்டிப்பானவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"காலையும் சாயங்காலமும் வெதுவெதுப்பான தண்ணியில கையை ஊறவைங்க. ஊறினதும் ஒவ்வொரு விரலா விரிக்கணும். வலிக்கும், விடக்கூடாது. அடுத்த தடவை வர்றப்போ விரல் நிமிரலைன்னா திரும்பக் கத்தி வைக்கவேண்டி வரும்" என்றார். பிறகு என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்: "புதுத் தோலுக்குச் சூடு தெரியாது. கொதிக்கிற தண்ணியில வச்சாலும் சும்மா இருக்கும். அதனால மொதல்ல இடது முழங்கையை விட்டுப் பாத்துட்டுத்தான் இந்தக் கையை வைக்கணும்."

கத்தி வைத்தால் வைக்கட்டும் என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. எனக்கு அத்தை சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். முப்பதைத் தாண்டிய பொம்பிளை, வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் உருட்டுகிற உருண்டை ஒவ்வொன்றும் எலுமிச்சங்காய் அளவு இருக்கும். நான் மெல்லும்போதே அடுத்தது வாசலில் நிற்கும். இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறேன் என்றேன். "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பீச்சாங்கையால சோறு திங்கணுமாக்கும்" என்று கரண்டியைப் பிடுங்கி வைத்துவிட்டார். அன்பு தாங்க முடியாத அளவுக்குப் போனால் எரிச்சல்தான் வரும். எனக்கு வந்தது. சூடான சோற்றில் ரசத்தை ஊற்றி, என் கையாலே பிசைந்து, எனக்குப் பிடித்த அளவில் ஒரு வாய் அள்ளிப் போட வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. கூலி வேலை, பழைய கம்பெனி எல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

ஆக வெந்நீர் வேண்டும், தினமும் இரண்டு வேளை. சுவரில் மாட்டுகிற கரண்ட் கீசர் ஒன்று இருந்தது. எங்கள் ஊர் உப்புத் தண்ணீர் அதன் உள்கம்பியைச் சுண்ணாம்பாக்கித் தின்றுவிட்டது. அடுப்பில் வைத்து இறக்கலாம் என்றால் ஒரு நாள் கொதி, ஒரு நாள் பச்சை. அப்போதுதான் வீட்டுக்காரர் விருதுநகர் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாயிடம் போய் ஒரு செம்புப் பாய்லரை வாங்கி வந்தார்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். வயிறு பெருத்த செம்புப் பானை, அதன் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு பெரிய குழாய். குழாய்க்குள் கரி எரியும், குழாயைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். தலையில் ஒரு புனல். புனலில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது ஒரு சின்னக் குழாய் வழியாக அடிவயிற்றுக்கு இறங்கி, மேலே நிற்கும் சூட்டுத் தண்ணீரைத் தள்ளும். அது பக்கத்தில் இருக்கும் மூக்கு வழியாக வெளியே விழும். ஒரு செம்பு ஊற்றினால் ஒரு செம்பு வரும். ஊற்றுகிற வேகத்தை வைத்தே சூட்டைக் கூட்டிக் குறைக்கலாம். கொல்லையில் தகரக் கூரைக்குக் கீழே அதை வைத்தோம். நெருப்பை நான் தொடமாட்டேன் என்பதால் பற்ற வைப்பது அத்தை.

முதலில் கொஞ்ச காலம் ராஜ வாழ்க்கை. அந்த வருஷம் மழைக்குப் பிறகு எங்கள் தெருவுக்கு லாரியில் வந்த தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. ஆனால் பாய்லர் மூக்கிலிருந்து விழுந்த தண்ணீர் கண்ணாடி மாதிரி. செம்பின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். பேசினை மூக்குக்கு நேர் கீழே வைத்து, முழங்கையை விட்டுப் பார்த்து, கையை உள்ளே வைப்பேன். தண்ணீர் ஆறினால் அத்தை புனலில் அரைச் செம்பு ஊற்றுவார், சூடான தண்ணீர் மூக்கிலிருந்து மெதுவாகப் பேசினில் சேரும். சுண்டுவிரல் நிமிர ஆரம்பித்தது. அதற்கு அடுத்ததும் மனசு வைக்கிற மாதிரி இருந்தது.

பிறகு அது உறுமியது.

முதல் நாள் உறுமியபோது கரியைப் போட்டுவிட்டு அத்தை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அடிவயிற்றிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம், உள்ளே யாரோ கூழாங்கல்லை உருட்டுகிற மாதிரி. மூக்கிலிருந்து ஆவி புஸ்ஸென்று பீச்சியது. அந்தப் புஸ் போதாதா. நாங்கள் மூவரும் தெருவில் நின்றோம். எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு வந்து, "இன்னைக்கி என்ன, குக்கரா?" என்று கேட்டார்.

ஆறி அடங்கிய பிறகு போய்ப் பார்த்தோம். வீட்டுக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். குறை ஒன்றும் கண்ணில் படவில்லை. "கரி கூடிப்போச்சு. அம்மா அள்ளிப் போட்ருக்கும்" என்றார். "ஏலே, நான் எம்புட்டுப் போட்டேன்னு நீ பாத்தியா?" என்று அத்தை சண்டைக்குப் போனார். மறுநாள் கரியைப் பாதியாகக் குறைத்தோம். தண்ணீர் சூடாக நேரம் பிடித்தது, அப்புறம் அதே கடகட. அதே ஓட்டம்.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. முழங்கை வைத்துப் பார்த்தேன், பதமாக இருந்தது, கையை வைத்தேன். கொஞ்சம் ஆறியதும் அத்தை புனலில் தண்ணீர் ஊற்றினார். மூக்கிலிருந்து ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினார். அப்போதும் வரவில்லை. திடீரென்று உள்ளே ஏதோ விட்டுக்கொடுத்த மாதிரி ஒரு சத்தம், கொதிக்கிற தண்ணீர் குபுக்கென்று பேசினில் வந்து விழுந்தது. என் கை உள்ளே இருந்தது. எனக்குத் தெரியவில்லை. அதுதான் கொடுமை. ஆவியைப் பார்த்து அத்தை கத்தியபோதுதான் கையை எடுத்தேன். பின்கையில் கொப்புளம் எழும்புவதை யாருடைய கையையோ பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொப்புளம் ஆறும்வரை தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அந்த நாட்களில் சுண்டுவிரல் மறுபடி மடங்கியது. நாள் நாளாகப் பாடுபட்டு நிமிர்த்தியது, கண் முன்னாலேயே உள்ளே சுருண்டது. அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அந்தச் செம்புப் பானையை எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்காரர் அதைத் தூக்கி லோடு ஆட்டோவில் போட்டு பாய் கடைக்குக் கொண்டுபோனார். நானும் கூடவே போனேன். பாய் கடை வாசலிலேயே பாய்லரை நிற்கவைத்து, கரி போட்டு, தண்ணீர் ஊற்றிக் காட்டினார். ஊற்றிய தண்ணீர் சல்லென்று இறங்கியது, வெந்நீர் சல்லென்று வந்தது. பச்சைப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"நல்லாத்தானம்மா இருக்கு. எதுவும் கோளாறு இல்லியே" என்றார் பாய். பாவம், அவர் என்ன செய்வார். வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நான் கை வைக்காவிட்டாலும் வீட்டில் குளிக்க வெந்நீர் போட்டோம், இரண்டு மூன்று நாள் ஒழுங்காக இருந்தது. அப்புறம் பழையபடி உறுமியது.

"இதுல என்னமோ இருக்கு. வித்துத் தொலைச்சிருவோம்" என்றார் வீட்டுக்காரர். அத்தை உப்பும் மிளகாயும் எடுத்துவந்து பாய்லருக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார். மருமகளுக்குச் சுற்றியது போதாது என்று பாத்திரத்துக்கும் சுற்றிய ஒரே மாமியார் இவராகத்தான் இருக்கும்.

நான் படுத்துக்கொண்டே யோசித்தேன். கடையில் சரியாக இருந்தது, வீட்டில் இல்லை. வண்டியில் போய் வந்தால் சில நாள் சரியாக இருக்கிறது, சும்மா நின்றால் கெட்டுப்போகிறது. அப்படியென்றால் குலுங்கினால் விடுகிற எதுவோ உள்ளே இருக்கிறது. அது என்ன? கோளாறு வருகிற நேரத்தில் பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் தெரிந்திருக்கும். யாரும் இருந்ததில்லை. அது உறுமியவுடன் நாங்கள் தெருவில் இருப்போம். ஆறின பிறகு போய்த் தடவிப் பார்த்து, ஒன்றும் இல்லையே என்போம். காய்ச்சல் விட்ட பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிற கதை. வெடி அறையில் எங்களைக் காப்பாற்றிய பழக்கம் இங்கே எங்களைக் குருடாக்கி வைத்திருந்தது.

அப்படியென்றால் ஒருத்தர் ஓடாமல் நிற்க வேண்டும். வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நிக்கலாம்தான்" என்றார். "ஆனா காலு நிக்காதுல்ல."

அவரைக் குறை சொல்ல முடியாது. எரிந்த என் கையைப் பார்த்தவர் அவர். அத்தையிடம் கேட்கவே எனக்கு மனசு வரவில்லை. மிச்சம் இருந்தது நான். கையும் என்னுடையது.

மறுநாள் காலை அத்தை கரி போட்டுப் பற்றவைத்ததும் ஒரு ஸ்டூலைத் தூக்கிக் கொல்லையில் பாய்லருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். "நீ இங்கன என்னத்துக்கு? உள்ள போ தாயி" என்றார் அத்தை. போகமாட்டேன் என்றேன். ஒரு நீளமான இடுக்கியை இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டேன். ஒரு வாளித் தண்ணீரும் செம்பும் காலடியில். முகத்தில் சூடு அடித்தது. நெருப்புக்கு நேர் எதிரே, கம்பெனியில் கை எரிந்த பிறகு நான் உட்கார்ந்ததே இல்லை. உள்ளங்கால் வியர்த்தது. வெட்கப்பட என்ன இருக்கிறது, பயமாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கடகட என்றது. என் கால் தானாக எழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் எழுந்திருக்கவில்லை, கால் எழுந்தது. அத்தை ஏற்கனவே வாசலைத் தாண்டிவிட்டார். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டோடு தெருவுக்குப் போய்விட்டார். நான் இடது கையால் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்து என்னை நானே கீழே அமுக்கினேன்.

"ஏத்தா, வா வெளிய!" என்று தெருவிலிருந்து அத்தை சத்தம் போட்டார்.

"இருங்க அத்த, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"என்னத்தப் பாக்க? வெடிச்சிரப் போகுது!"

"இது வெடி இல்ல. பானை" என்றேன். அவருக்குச் சொன்னேனா எனக்குச் சொன்னேனா தெரியாது.

இருந்து கேட்டால் சத்தம் வேறு மாதிரி இருந்தது. மேலே அமைதி. மூக்குப் பக்கமும் இல்லை. எல்லாம் அடியில், கரிக்குப் பக்கத்தில். தரையோடு தரையாக எதுவோ கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது, அதற்குக் கீழே மாட்டிக்கொண்ட தண்ணீர் கொதித்து, வழி இல்லாமல் முட்டுகிறது. அத்தை ஊற்றியது போலவே இடது கையால் புனலில் அரைச் செம்பு ஊற்றினேன். தண்ணீர் இறங்கவில்லை. புனலில் அப்படியே தளதளவென்று நின்றது. பாயின் கடையில் சல்லென்று குடித்த புனல், இங்கே ஒரு மடக்கு குடிக்க மாட்டேன் என்றது.

எனக்கு விளங்கிவிட்டது. புனலிலிருந்து அடிவயிற்றுக்குப் போகும் சின்னக் குழாயின் வாய் அடைத்திருக்கிறது. பச்சைத் தண்ணீர் உள்ளே போகாததால் சூட்டுத் தண்ணீர் வெளியே வருவதில்லை. வெளியே வராத தண்ணீர் இருந்த இடத்திலேயே கொதிக்கிறது, ஆவியாகிக் குறைகிறது, இருப்பது இன்னும் அதிகமாகக் கொதிக்கிறது. அடைப்பு எப்போதாவது பட்டென்று விட்டால், புனலில் நின்றது மொத்தமும் இறங்கி, கொதி நீர் மொத்தமும் என் பேசினில். கரியைக் குறைத்து என்ன பயன்? நெருப்பின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

தண்ணீர் குறைந்த சூட்டுச் செம்பில் மேற்கொண்டு ஊற்றினால் கெடுதல் என்று மட்டும் தோன்றியது. செம்பை வைத்துவிட்டு இடுக்கியை எடுத்தேன். கரி எரியும் குழாயின் அடியிலிருந்து கங்குகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டேன். இடது கைதான், தடுமாறியது, ஒரு கங்கு காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. நகர்த்திவிட்டு அடுத்ததை எடுத்தேன். கடைசிக் கங்கு வெளியே வந்தபோது உறுமல் அடங்கி, முனகலாகி, நின்றது. அதுவரை நான் ஓடவில்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆறிய பிறகு வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் புனலைக் காட்டினேன். தண்ணீர் இன்னும் அங்கேயே நின்றிருந்தது. "அடேயப்பா" என்றார். உடனே போய் ஒரு வேப்பங்குச்சியைச் சீவிக்கொண்டு வந்தார். குச்சி சின்னக் குழாயின் வளைவில் முறிந்தது. மூங்கில் சிம்பு கொண்டுவந்தார், அதுவும் பிளந்தது.

"ஒரு கம்பி எடுத்துட்டு வாங்களேன்" என்றேன்.

கம்பி என்றதும் அவர் முகம் மாறியது. அவரைப் பார்க்கவேண்டும் அப்போது. எங்கள் வேலையில் இரும்புக்கு இடமில்லை. மரம், பித்தளை, அவ்வளவுதான். மருந்து இருக்கிற இடத்தில் இரும்பு உரசினால் பொறி பறக்கும், அதனால் இடுப்பில் சாவிகூட வைத்துக்கொள்ளாமல் உள்ளே போகிறவர்கள் நாங்கள். அடைப்பைக் குத்த இரும்பு என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. நான் சொன்ன பிறகும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அதுக்குள்ள இருக்கிறது தண்ணிங்க" என்றேன்.

சைக்கிள் கடையிலிருந்து பழைய பிரேக் கம்பி ஒன்றை வாங்கிவந்தார். கம்பி வளைவில் வளைந்து போனது. இரண்டு இழுப்பு, மூன்றாவதில் ஏதோ பொதுக்கென்றது. பாய்லரைப் படுக்கப்போட்டுக் குலுக்கினோம். மூக்கு வழியாகவும் புனல் வழியாகவும் வெளியே வந்தது தண்ணீர் இல்லை. கழுவாத கிரைண்டரில் மிச்சமிருக்கும் மாவு மாதிரி, சாம்பல் நிறத்தில், கொழகொழவென்று சேறு. வாளி வாளியாக வந்தது. கூடவே சுண்ணாம்புச் சில்லுகள்.

"இம்புட்டு மண்ணு எப்படி உள்ள போச்சு?" என்றார் வீட்டுக்காரர். "லாரித் தண்ணி கலங்கல்தான், ஆனா மூக்குல வர்றது தெளிவால்ல வந்துச்சு?"

அத்தை எங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தார். மெதுவாகச் சொன்னார்: "படிகாரம் போட்டேன்ல. அதான் தெளிஞ்சு வந்துச்சு."

நான் திரும்பினேன். "எதுல போட்டீக?"

"இதுக்குள்ளதான். கலங்கத் தண்ணி உன் புண்ணுல படக்கூடாதுன்னு ஆஸ்பத்திரில சொன்னாகல்ல. தெனம் சாயங்காலம் புனல்ல நுணுக்கிப் போட்ருவேன்."

"ட்ரம்முல போட்டுத் தெளிய வச்சு ஊத்தவேண்டியதுதானே அத்த?"

"ட்ரம்முல தெளிய எங்க விடுறீக? ஆளாளுக்கு மோந்து கலக்குறீக. இதுக்குள்ள போட்டா ராத்திரி பூரா ஆடாம அசையாமக் கெடந்து தெளியும். மண்ணு கீள நின்னுக்கிரும்."

நின்றுகொள்ளத்தான் செய்தது. அத்தனை மண்ணும், ஒரு துளி விடாமல், அந்தக் குழாயின் வாயில் போய் நின்றுகொண்டது. செம்பின் மகிமை என்று நான் நினைத்தது படிகாரத்தின் வேலை. எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. "என் கைய வேகவச்சது நீங்கதானா அப்ப?" என்று கேட்டேன். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். இன்னும் ரெண்டு வார்த்தை சூடாகச் சொன்னேன், எழுதுகிற மாதிரி வார்த்தைகள் இல்லை.

அத்தை உள்ளே போனார். அழப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு சட்டியில் புளியைக் கரைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"திட்டி முடிச்சிட்டியா?" என்றார். "மண்ணு போனாலும் சுண்ணாம்பு அடில பாறையா ஒட்டிக் கெடக்கும். செம்பு புளிக்குத்தான் கேக்கும். பிடி இந்தப் பக்கம்."

பிடித்தேன். அவர் ஊற்றினார். புளித்தண்ணீர் ஊறியதைக் குலுக்கிக் குலுக்கிக் கழுவினோம், சில்லுச் சில்லாகக் கொட்டியது. நடுவில் அவர் என் கையை ஒரு தடவை பார்த்தார். கொப்புளத்தைத்தான் பார்த்தார். அப்போது அவர் கண் நிறைந்திருந்தது. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, "தண்ணி கொஞ்சம் பாத்து ஊத்துங்க அத்த" என்றுதான் வந்தது.

பாயின் கடையில் கொடுத்து அடியில் ஒரு திருகு மூடி வைத்து வாங்கினோம். வாரம் ஒரு முறை அதைத் திறந்து அடித்தண்ணீரைக் கொட்டிவிடுவது என்று ஆனது. தண்ணீருக்கு என்று தனியாக ஒரு ட்ரம், அதில் படிகாரம், அதை யாரும் தொடக் கூடாது. காவலுக்கு அத்தை. தெளிந்ததை மட்டும் துணி கட்டி மொண்டு புனலில் ஊற்றுவோம். பேசினை மூக்குக்குக் கீழே வைப்பதை விட்டுவிட்டோம். வெந்நீரை வாளியில் பிடித்து, தள்ளி வைத்து, விளாவி, முழங்கை வைத்துப் பார்த்த பிறகுதான் கை. ஒரு நாள் மறுபடி லேசாகக் கடகட என்றது. வீட்டுக்காரர் எழுந்தார். வாசல்வரை போனார். அங்கே நின்று, திரும்பி வந்து, புனலில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். இறங்கவில்லை. கங்குகளை இழுத்துப் போட்டுவிட்டு, ஆறியதும் மூடியைத் திறந்துவிட்டார். எதிர்வீட்டு அம்மா அன்றைக்கு வீணாக வாசலில் வந்து நின்றார்.

கொப்புளம் ஆறியதும் கையை மறுபடி தண்ணீரில் வைத்தேன். போனதெல்லாம் திரும்பத் தொடக்கத்திலிருந்து. அத்தைதான் விரல்களை விரிப்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஊரில் இல்லாத கெட்ட வார்த்தையெல்லாம் முனகுவேன். "யாரைத்தா வையிற, என்னையா?" என்பார். "விரல வையிறேன்" என்பேன். "நல்லா வையி" என்று இன்னும் கொஞ்சம் இழுப்பார். சுண்டுவிரல் வந்தது. மோதிர விரல் வந்தது. நடுவிரல் கடைசிவரை மல்லுக்கு நின்று, ஒரு மாதிரி வளைந்தபடியே இறங்கி வந்தது. மதுரையில் அந்தக் கண்டிப்பான அம்மா என் கையைத் தன் மேசையில் வைத்து அமுக்கிப் பார்த்தார். "கத்தி வேண்டாம்" என்றார். உடனே அடுத்த ஆளைக் கூப்பிட்டார், அவர் அப்படித்தான்.

அன்று மதியம் வீட்டுக்கு வந்ததும் அத்தை வழக்கம்போல சோற்றைத் தட்டில் போட்டு, ரசத்தை ஊற்றி, எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிசையக் கையை நீட்டினார். நான் தட்டை என் பக்கம் இழுத்தேன்.

வலது கையை வைத்தேன். விரல்கள் விறைத்துக்கொண்டு நின்றன. ரசம் விரலிடுக்கில் ஒழுகியது. அள்ளியதில் பாதி தட்டிலேயே விழுந்தது. திரும்ப அள்ளினேன். அப்போது நுனிவிரலில் ஏதோ தெரிந்தது. முதலில் அது என்னவென்று எனக்குப் புரியவில்லை. அந்தக் கை அத்தனை காலம் எதையும் சொன்னதில்லை.

"சுடுது" என்றேன்.

எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர் பாதி எழுந்துவிட்டார். அத்தை பதறித் தட்டைப் பிடித்து இழுத்தார்.

நான் விடவில்லை. இடது கையால் தட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"கைக்குத்தான் அத்த சுடுது" என்றேன். "இருக்கட்டும். சுடட்டும்."

அத்தை தட்டிலிருந்து கையை எடுத்தார். என் விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் என் அளவுக்குச் சின்னதாக ஒரு உருண்டை பிடித்து வாயில் போட்டேன்.